கீறல் முட்டை

பொன்னன் ஒரு அதட்டல் போட்டால் பயத்தில் கோழி இரண்டாவது முட்டையையும் சேர்த்துப் போட்டுவிடும் என்று புதுச்சத்திரம் பக்கம் பேச்சு. என் கணக்குப்படி மூன்று.

அந்தக் கோழிப்பண்ணை சூப்பர்வைசர் அன்றைக்கு அதட்டியது கோழியை அல்ல. ஏழு மாதக் கர்ப்பிணி தமிழ்ச்செல்வியை.

"ஏம்புள்ள, அது கையா, கடப்பாரையா? இன்னிக்கும் மூணு முட்டையில கீறலு. லாரியில ஏத்துனா போறதுக்குள்ள ஒழுகிப் போயிரும். நீயே எடுத்துட்டுக் கெளம்பு."

தமிழ்ச்செல்வி தலை குனிந்தபடி மூன்றையும் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வாசலில் நின்ற தனப்பிரியா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனப்பிரியா சேலத்திலிருந்து வரும் ஆராய்ச்சியாளர். கர்ப்பிணிகளுக்கு எடை ஏன் ஏறுகிறது, ஏன் ஏறாமல் போகிறது என்பதுதான் ஆய்வு. எடை மெஷினைச் சுமந்துகொண்டு ஆறு ஊர் சுற்றிவிட்டாள். எல்லா ஊரிலும் முள் நகர மறுத்தது. இந்தப் பண்ணையில் வேலை பார்க்கும் நாலு கர்ப்பிணிகளுக்கு மட்டும் மாதம் தவறாமல் ஏறியது. காரணம் பிடிபடவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சோறும் ரசமும் என்றார்கள்.

தமிழ்ச்செல்வியின் முதல் குழந்தை ஒன்றரைக் கிலோவில் பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. அப்படிப்பட்டவளையா இந்த மனுஷன் இப்படி விரட்டுகிறார்?

இன்னும் நாலு நாள் வந்து நின்று கவனித்தாள். அதிர்ச்சி கூடிக்கொண்டே போயிற்று. பண்ணையில் பெண்கள் முப்பது பேர். பொன்னன் வாயில் விழுந்தது அந்த நாலு கர்ப்பிணிகள் மட்டும்தான். தினமும் அவர்கள் கையில்தான் முட்டையில் கீறல் விழுமாம். அந்தக் கழித்த முட்டையும் அவர்கள் தலையில்தான்.

கோழிக்குத் தீவனத்தைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிற இடத்தில், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏச்சும் உடைசலுமா?

அன்றே பண்ணை முதலாளிக்கு இரண்டு பக்கம் எழுதினாள். கர்ப்பிணிகளைக் குறிவைத்துத் திட்டும் ஆளை நீக்காவிட்டால் விஷயம் மேலே போகும் என்று முடித்தாள். ஆய்வுக்கு வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று தன் பெயரை மட்டும் போடவில்லை.

முதலாளி பயந்த சுபாவம். மூன்றாம் நாளே பொன்னன் பையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊரான ஜேடர்பாளையத்துக்கு பஸ் ஏறினார்.

அடுத்த மாதம் தனப்பிரியா உற்சாகமாக மெஷினோடு வந்தாள். தமிழ்ச்செல்வி ஏறி நின்றாள். போன மாதத்தைவிட அரைக் கிலோ குறைவு.

இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினாள். முள் அதே இடத்தில் நின்றது. ஸ்கேன் எடுத்த டாக்டர், குழந்தையின் வளர்ச்சி போதாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். மற்ற மூன்று பேருக்கும் எடை ஏறவில்லை.

"என்ன ஆச்சு தமிழ்ச்செல்வி? இப்பவும் யாராவது திட்டறாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க மேடம். புதுசா வந்திருக்கறவரு தங்கமான மனுசனுங்க. வாங்க போங்கன்னுதான் பேசறாரு. முட்டையில ஒரு கீறல் உழறதில்லீங்க."

நல்லதுதானே என்றாள் தனப்பிரியா.

தமிழ்ச்செல்வி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"நல்ல முட்டை ஒண்ணுகூட வெளிய போவக்கூடாதுங்க. கீறல் உழுந்தா மட்டும் நாங்க ஊட்டுக்குக் கொண்டு போலாம். மாசமா இருக்கறவங்க தட்டுல மட்டும் பொன்னண்ணன், கேமராவுக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு, மோதிரத்தால மூணு முட்டைய ஒரு தட்டு தட்டிருவாருங்க. அப்பறம் முதலாளி காதுல உழட்டும்னு எங்களக் கத்துவாரு. இந்தப் புள்ளையாச்சும் தங்கோணும்னு அவருதான் எனக்கு மொதல்ல ஆரம்பிச்சது."

தனப்பிரியா எழுதிக்கொண்டிருந்த பேனா பாதி எழுத்தில் நின்றது.

"எந்த மகராசனோ அவரைப் பத்தி மொட்டைக் கடுதாசி போட்டுட்டானாமுங்க. நீங்க நாலு ஆபீசு போய் வாரவங்க. ஆருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க மேடம்."