குறை சொல்லும் மனிதர்

"உப்பு பத்தல, வீத்தா! ஒரு நாளாவது சரியாப் போட மாட்டியா?"

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று வீத்தாவின் கணவர் பால்டசாரே போட்ட சத்தம் கடைசி மேஜை வரை கேட்டது. பசியோடு காத்திருந்த மீனவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்த நின்ஃபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா விடிகாலையில் எழுந்து, ரவையில் நீர் தெளித்து, விரல் நுனியால் கூஸ்கூஸ் உருட்டி, ஆவியில் அவித்து, பாறை மீனும் பாதாமும் போட்டுக் குழம்பு வைத்திருக்கிறாள். ட்ராபனி துறைமுகத்தில் அந்தக் கைப்பக்குவத்துக்கு ஈடில்லை. அவளுக்கா இந்தப் பேச்சு?

வீத்தா உப்பை அள்ளிப் போட்டாள்.

"பட்டை தூக்கலா இருக்கு. தக்காளி ஊத்திக் கொதிக்க விடு!"

"ஏம்ப்பா, மாதாவே இறங்கி வந்து சமைச்சாலும் நீ குறை சொல்லுவே போல" என்றார் ஒரு கிழட்டு மீனவர்.

"வாயை மூடிட்டு இரும். சோறு வரும்."

நின்ஃபா அக்காவின் காதருகே போனாள். "நானா இருந்தா அந்தக் கரண்டியைப் பிடுங்கி மண்டையிலேயே போட்டிருப்பேன். முன்னெல்லாம் அத்தான் தட்டை வழிச்சு நக்குவாரே, இப்ப என்ன வந்துச்சு?"

"விடுடி. அவர் அப்படித்தான்."

அந்தக் குளிர்காலத்தில் பால்டசாரே மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்தில் நின்ஃபாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, கடையைத் திறந்தார்கள். கூட்டம் வாசல்வரை நின்றது.

"இனி உன் இஷ்டத்துக்குச் சமை, அக்கா. குறை சொல்ல ஆளில்ல" என்றாள் நின்ஃபா.

வீத்தா குழம்பில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். கண்களை மூடிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் நீர் வழிந்தது.

"அந்த மனுஷனுக்காகவா இன்னும் அழுவுற?"

வீத்தா கரண்டியைத் தங்கையிடம் நீட்டினாள்.

"நீயே பாத்துச் சொல்லுடி. போன வருஷம் எனக்கு வந்த காய்ச்சலோட என் நாக்கும் மூக்கும் செத்துப் போச்சு. ஊருக்குத் தெரிஞ்சா கடை போயிடும்னு அழுதேன். உங்க அத்தான்தான், 'நான் ருசி பாத்து, குறை சொல்ற மாதிரி சத்தம் போட்டே சொல்றேன், கெட்ட பேரு எனக்கே இருக்கட்டும்'னார்."