இடப்பக்கத்துக் கால்மிதி

ஒரு காருக்குள் இரண்டு கால்மிதிகள் கிடந்தன. வலதின் மேல் காரை ஓட்டும் தணிகாசலத்தின் கால்கள் இருக்கும். இடதின் மேல் அவர் மனைவி புஷ்பலதாவின் கால்கள். குறுக்கே ஒரு ஆட்டோ வந்தால் போதும், அங்கே இல்லாத பிரேக்கை அந்த அம்மா ஓங்கி மிதிப்பார்.

இடது முனகும். “ரொம்பத்தான் அலட்டிக்கிறே” என்று வலது சிரிக்கும்.

“இங்கே வந்து படுத்துப் பாரு” என்னும் இடது.

கார் தானே ஓடும் வசதியைக் கம்பெனிக்காரர்கள் ஒரு வாரத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பிடித்திருந்தால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

“இனிமே எனக்குப் பாரமே இல்லை” என்று வலது குதித்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் தானாகவே ஓடியது. புஷ்பலதா காலைச் சீட்டின் மேல் மடக்கிவைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றார். பெடலைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்ததால், தணிகாசலம் லாரியைப் பார்க்கும்போதெல்லாம் கால்மிதியை மிதித்தார். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒழுங்காகத்தான் நின்றது. ஆனாலும் வீடு வருவதற்குள் வலது நைந்துபோனது.

“நல்லாத்தானே ஓட்டுச்சு? பணத்தைக் கட்டிடுங்க” என்றார் புஷ்பலதா.

தணிகாசலம் வியர்வையைத் துடைத்தார். “இதுக்கு ஓட்டவே தெரியலை. வேண்டாம்.”

அப்பாடா! வலதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் தணிகாசலம் விசிலடித்துக்கொண்டே தன் கையால் ஓட்டினார். ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. இடப்பக்கம் தொம்மென்று ஒரு மிதி விழுந்தது.

வலது சிரிக்கவில்லை.

“வலிக்குதாண்ணே?” என்று கேட்டது.