மூன்று செட்டாப் பாக்ஸ்கள்

பழங்காநத்தத்துக் கடையின் கண்ணாடி மேசைமேல் மூன்று செட்டாப் பாக்ஸ்கள் இருக்கின்றன. ராதாமணிக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன. "இது சாதா, இது ஹெச்டி, இது ரெக்கார்ட் பண்ணும்மா" என்று கடைக்காரர் அசோக்குமார் இரண்டாம் முறையாக விளக்குகிறார். சாலையில் பஸ் ஹாரன் அவர் குரலைப் பாதியில் அமுக்குகிறது. அவள் ஒரு பெட்டியைத் திருப்பி, பின்னாலுள்ள ஓட்டைகளைப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறாள். மறுபடி அதையே எடுக்கிறாள். வாசலில் கணவர் துளசிராம் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருக்கிறார். அவள் குரலைத் தாழ்த்துகிறாள். "தம்பி, எம் பொண்ணு டிவியில நியூஸ் வாசிக்கிறா. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் முடிச்சுட்டா. அவ மொகம் வந்தாலே இவரு சேனல மாத்திருவாரு. இவரு வெளிய போனப்பறம் பாக்கணும். எது வாங்க?" அசோக்குமார் மூன்றாவது பெட்டியை அவள் பக்கம் நகர்த்துகிறார். துளசிராம் உள்ளே வந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். மனைவியைப் பார்க்காமல், "தம்பி, நியூஸ் வாசிக்கிறவங்க மொகம் இதுல எதுல நல்லாத் தெளிவாத் தெரியும்?" என்று கேட்கிறார். ராதாமணியின் கை பெட்டிமேல் அப்படியே நின்றுவிடுகிறது. எதைக் காட்டுவதென்று அசோக்குமாருக்கும் இப்போது தெரியவில்லை.