வெட்டுப்பட்டான் சாமி

பினாங்கிலிருந்து முதன்முதலாகத் தாத்தாவின் ஊருக்கு வந்திருந்த லோகநாதனை, எம். புதுப்பட்டிக்கு வெளியே இருந்த கோயிலுக்குக் கூட்டிப்போனார் பூசாரி ஊர்க்காவலன். பட்டாசுக் கம்பெனிகளைத் தாண்டியதும் ஆளரவமே இல்லை. பீடத்துக்கு முன்னால் நட்டிருந்த அரிவாளில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது.

“வெட்டுப்பட்டான் சாமி. உங்க தாத்தா மூக்கன்தான் இது.”

“எங்க தாத்தாவா?”

“இங்கன வச்சுத்தான் வெட்டிட்டாக. உடம்பு கெடைக்கல. ரத்த வேட்டிதான் கெடைச்சுது.”

லோகநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். “அது ஆட்டு ரத்தம்ங்க! கல்யாணத்துக்குப் பயந்து, வேட்டியில தடவிப் போட்டுட்டுக் கப்பல் ஏறிட்டாரு. நூறைத் தொட்டுட்டு, போன வருசம்தான் செத்தாரு.”

ஊர்க்காவலன் சிரிக்கவில்லை. சாமிக்குக் கொளுத்தக் கொண்டுவந்த சரவெடியை மெல்லக் கீழே வைத்தார்.

“வெட்டுனவன் வம்சந்தான் இங்கன பூசை செய்யணும்னு ஊர்க்கட்டு. எங்க தாத்தாவைத் தூக்குல போட்டாக. பெறகு எங்கய்யா பூசை பண்ணாரு. இப்ப நான்.”

லோகநாதன் ஓரடி பின்வாங்கினான். “ஐயா, எனக்கு இது...”

ஊர்க்காவலன் எலுமிச்சம்பழத்தை உருவி எறிந்துவிட்டு அரிவாளைப் பிடுங்கினார்.

“தண்டனையை மூணு தலைமுறையா அனுபவிச்சாச்சு, தம்பி. கொலைதான் பாக்கி.”