எடை போட்ட முட்டை

கர்ப்பிணிகள் உணவு ஆய்வுக் கேள்வித்தாளில் சொன்னதைத்தான் சாப்பிடுகிறார்களா என்று சரிபார்க்க, தராசோடு வீடு வீடாகப் போவது தவமணியின் வேலை. சாப்பிடும் முன் தட்டை நிறுக்க வேண்டும், பிறகு மிச்சத்தை. ஏழு மாதக் கர்ப்பிணியான இசக்கியம்மாள், தினமும் ஒரு முட்டை சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். அன்று அவள் தட்டில் சோறு, குழம்பு, அவித்த முட்டை எல்லாம் இருந்தன. தவமணி தட்டை ஒரு முறை நிறுத்துவிட்டு, எடை சரிதானா என்று இன்னொரு முறையும் நிறுத்தாள்.

"எடை போட்டாச்சுல்லா தாயி?" என்ற மாமியார், முட்டையை எடுத்து, பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்த தன் மகன் தட்டில் வைத்தாள். "மூட்ட தூக்குதவன். வெறுஞ்சோத்தத் தின்னுட்டா போவான்?"

அவன் நிமிராமலே தின்று முடித்தான். கை கழுவ எழுந்தவனுக்குப் பின்னால் மாமியார் செம்போடு போனாள். இசக்கியம்மாள் சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றிருந்தாள். நிறுக்க மிச்சம் எதுவும் இல்லை.

"யக்கா, முட்டையும் தின்னதாவே எழுதுங்க" என்றாள் மெதுவாக. "இல்லன்னா நாளைக்குத் தட்டுலகூட வைக்கமாட்டாவ. அதப் பாத்துக்கிட்டாவது சோத்த எறக்குவேன்."

தவமணி எழுதினாள். கேள்வித்தாளும் தராசும் கொஞ்சமும் பிசகாமல் ஒத்துப்போயின.

"நாளைக்கும் வருவீயள்லா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.