மத்தியானத் தூக்கம்

பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன ஊரில் வீடு மலிவாகக் கிடைத்தது. ராத்திரி முழுக்க அடுப்படியில் நிற்கும் ரொட்டிக்கடைக்காரருக்குப் பகலில் தூங்க அமைதியான இடம் வேண்டும். அதற்காகத்தான் வந்தார். ஆனால் மத்தியானமானால் மாடி வீட்டில் தகரத்தைத் தட்டும் சத்தம் தொடங்கிவிடும்.

"இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டான். கப்பலா கட்டறான்?"

"என்கிட்ட புலம்பி என்ன பிரயோஜனம்? மேல போய்க் கேளுங்க," என்றாள் மனைவி.

"நேத்து நின்னபடியே தூங்கி அடுப்புல விழப் பார்த்தேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

மாடி வீட்டுக் கதவைத் திறந்த பெண் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாண்ணே. பாப்பா இப்பதான் தூங்கினா."

"இந்தச் சத்தத்துலயா?"

உள்ளே தொட்டிலருகே உட்கார்ந்து, அவள் கணவன் கவிழ்த்த தகர டின்னைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல அதைக் கீழ வைங்க தம்பி!"

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு வைத்தான்.

அறை அமைதியானது. குழந்தை வீறிட்டது.

"எதிர்லதாண்ணே பட்டாளத்துக்காரங்க துப்பாக்கி சுட்டுப் பழகுவாங்க," என்றாள் அவள். "பொறந்ததுலேர்ந்து அந்தச் சத்தத்துலதான் மத்தியானம் தூங்குவா. அவங்க போனதுலேர்ந்து கண்ணை மூட மாட்டேங்கிறா."

அவன் மறுபடி தட்டத் தொடங்கினான். அழுகை விசும்பலாகி அடங்கியது.

ரொட்டிக்கடைக்காரர் தொட்டிலை எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் பஞ்சு இருந்தா குடும்மா," என்றார் மெதுவாக. "காதுல வெச்சுக்கறேன்."