அரை டேங்க்குக்குக் கீழே

டிரைவரை வேலையை விட்டு நீக்கும் கடிதம் காலை பத்து மணிக்கே மேலாளரின் மேசைக்கு வந்துவிட்டது. கையெழுத்து மட்டும் பாக்கி.

காரணம் இரண்டே சொற்களில் இருந்தது: பெட்ரோல் திருட்டு.

பதினாறு வருடங்களாக ஆபீஸ் காரை ஓட்டுகிறவர். இந்தக் கடிதத்தோடு வெளியே போனால் ஊரில் ஒருவனும் தன் கார் சாவியைத் தரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேலாளர் மூன்று மாதமாகத் துப்புத் துலக்கியிருந்தார். டேங்க் நிரம்பியதும் கிலோமீட்டரைக் குறிப்பார். பெட்ரோல் முள் பாதிக்கு வந்ததும் குறிப்பார். சிவப்பு விளக்கு எரிந்ததும் குறிப்பார்.

"மேல் பாதியில முந்நூத்திப் பத்து கிலோமீட்டர் ஓடுது. அரை டேங்க்குக்குக் கீழே வந்தா நூத்தி எழுபதுதான். அதே கார், அதே ரோடு. மிச்சப் பெட்ரோல் எங்கய்யா போச்சு?"

"சத்தியமா ஒரு சொட்டு தொட்டதில்லை சார்."

"ஒரு சொட்டுன்னு நான் சொல்லலையே. சரி, போன வியாழக்கிழமை சாயங்காலம் கால் டேங்க் இருந்துது. வெள்ளிக்கிழமை காலையில அரை டேங்க். எப்படி ஏறிச்சு?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"நான் சொல்றேன். மனசு உறுத்தியிருக்கு. எடுத்ததுல கொஞ்சம் திருப்பி ஊத்தியிருக்கே."

பக்கத்து மேசையிலிருந்த டைப்பிஸ்ட் தலையைத் தூக்காமலே சொன்னாள். "குறைஞ்சாலும் திருடன், கூடினாலும் திருடனா சார்? அண்ணன் எந்த வழியாதான் தப்பிக்கிறது?"

"நீ டைப் அடி."

டிரைவர் ஒன்றே ஒன்று கேட்டார். "மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு தடவை முள்ளைப் பாக்கச் சொல்லுங்க சார். அவரும் திருட்டுன்னு சொல்லிட்டா நானே கிளம்பிடறேன்."

மெக்கானிக் வந்தார். காரின் பின் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த மூடியைக் கழற்றி, ஒரு மெல்லிய கம்பியை வெளியே எடுத்தார். நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மிதவை. பெட்ரோல் சொட்டியது.

"உங்க சாட்சி இவர்தான் சார். பெட்ரோல் இறங்கினா இவர் இறங்குவாரு, கூடவே முள்ளும் இறங்கும். ஆனா டேங்க் என்ன பிஸ்கட் டின்னா, நேரா இருக்க? சீட்டுக்கு அடியில கிடைச்ச இடத்துல வளைச்சு நெளிச்சு வச்சிருக்கான். மேல அகலம், கீழ குறுகல். கீழ வந்துட்டா மடமடன்னு இறங்கத்தான் செய்யும்."

"வெள்ளிக்கிழமை ஏறினது?"

"வியாழக்கிழமை வண்டி எங்கண்ணே நின்னுது?"

"வாசல் சரிவுல," என்றார் டிரைவர். "காலையிலதான் ஷெட்டுக்குள்ள விட்டேன்."

"வண்டி சாய்ஞ்சா பெட்ரோலும் ஒரு பக்கமா சாயும் சார். நிமிர்ந்தா சரியாயிடும்."

மேலாளர் நோட்டைப் புரட்டினார். மூன்று மாத உழைப்பு.

"டேங்க் ரொம்பியிருக்கும்போது?"

"அப்ப இன்னும் கூத்து. மிதவை மேல்தட்டுல முட்டிக்கிட்டு நிக்கும். கொஞ்சம் குறைஞ்சாலும் முள்ளுக்குத் தெரியாது."

"கொஞ்சம்னா? விசாரணைன்னா எல்லாம் துல்லியமா இருக்கணும்."

அன்று காலைதான் டேங்க் நிரப்பியிருந்தது. கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டு, பெட்ரோல் ஊற்றும் வாய்க்குள் குழாயை விட்டு, கைப்பம்ப்பை அழுத்தி ஒவ்வொரு லிட்டராக எடுத்தார் மெக்கானிக். மேலாளர் முன் சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு லிட்டர் வரை அது அசையவில்லை. எட்டாவதில்தான் மயிரிழை இறங்கியது.

எடுத்ததையெல்லாம் திரும்ப ஊற்றினார்கள். மேலாளர் கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

"மன்னிச்சிடுப்பா. அவசரப்பட்டுட்டேன்."

டிரைவர் தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பம்ப் இங்கேயே இருக்கட்டும்," என்றார் மேலாளர் மெக்கானிக்கிடம். "விசாரணைக்குப் பயன்பட்ட பொருள்."

"சீல் வைக்கணுமா சார்?" என்றாள் வேடிக்கை பார்க்க வந்திருந்த டைப்பிஸ்ட்.

மேலாளர் சிரிக்கவில்லை. டிரைவரின் தோளில் கை வைத்தார். "இனிமே உன்மேல ஒருத்தனும் விரல் நீட்டக் கூடாது. திங்கக்கிழமை சாயங்காலம் டேங்க்கை ரொப்பிட்டு, சாவியை என்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போ. மறுநாள் காலையில ரெண்டு பேரும் சேர்ந்து முள்ளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். உன் பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

"பெரிய மனசு சார் உங்களுக்கு."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை முள் உச்சியில் நின்றது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த வாரம் டிரைவரே கிலோமீட்டரைக் குறித்தார். மேல் பாதி இருநூற்றுப் பதினைந்து. கீழ்ப் பாதி, எப்போதும்போல நூற்றெழுபது. நோட்டோடு மேலாளர் அறைக்கு ஓடினார்.

"ரெண்டு பாதியும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடுச்சு சார்! வண்டி திருந்திடுச்சு போல."

"மனுஷனை நம்பினா வண்டியும் திருந்தும்பா," என்றார் மேலாளர்.

திங்கட்கிழமை மாலை, ஆபீஸ் காரின் முள்ளை அசைக்காமல் வெளியே வந்த ஏழு லிட்டர், அவருடைய சொந்தக் காரின் முள்ளைக் கால் டேங்க்குக்கு ஏற்றியிருந்தது.